எதிர்வீட்டைப் பார்க்கும் யன்னல்

இஞ்சாருங்கோ,

பிள்ளைகளோடு பீலெஃபெல்டில் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். சோறு பிரிட்ஜில் இருக்கிறது.

நான் நாளாந்தம் போய்ப் பராமரிக்கும் வயதான யூத அம்மாவின் வீட்டில், அயலைப் பார்க்கும் யன்னலில் எப்போதும் திரை தொங்கும். ஏனென்று கேட்டேன். "விளைஞ்சு நிக்கிற அடுத்தவன்ர வயலை நிண்டு பாக்கக் கூடாதெண்டு எங்கட பெரியாக்கள் சொல்லி வைச்சிருக்கினம். கடவுள் என்னை என்னவாப் படைச்சாரோ, நான் அதுவா இருந்தாப் போதும்," என்றார்.

உங்கள் தம்பி எதிரே வீடு வாங்கியதிலிருந்து நீங்கள் யன்னலை விட்டு அசையவில்லை. எங்கள் குளியலறைக்கு நீங்கள் பதித்த ரைல்ஸை வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். அது உங்களுக்கு மறந்தே போயிற்று.

முந்தநாள் நிலவறையில் நிரம்பிய பெற்றோல் கான் ஒன்றைக் கண்டேன். எங்கள் கார் டீசலில் ஓடுவது. நேற்றுக் காலை தூக்கிப் பார்த்தேன், பாரமே இல்லை.

உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி குடும்பத்தையும் என்னோடு கூட்டி வந்துவிட்டேன். எதிர்வீட்டில் இப்போது ஒருவருமில்லை.

எங்கள் யன்னலுக்கும் திரை தைத்துப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து இழுத்து மூடுங்கள். சோற்றை மைக்ரோவேவில் சூடாக்கலாம். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்த நெருப்புப்பெட்டி தேட வேண்டாம். அதை நான் எடுத்து வந்துவிட்டேன்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா