அலமாரித் தங்கம்

மகளுக்கு,

நீ எழுதிய புத்தகம் செவ்வாய்க்கிழமை செமிலிங் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாததால் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி டீச்சர் வாசித்துச் சொன்னார். ரோமர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் ஆணியில்லாமல் மரத்தோடு மரத்தைக் கோத்தார்களாம். ரோமர்களே அவர்களிடம் நிறையக் கற்றுக்கொண்டார்களாம். மரம் மக்கிவிடும் என்றோ என்னவோ, கல்லறைக்குள் உத்திரத்தையும் நாற்காலியையும் கல்லிலேயே செதுக்கி வைத்தார்களாம்.

ஒரு பக்கத்தில் உன் அம்மாவுக்கு நான் செய்த அலமாரியின் பழைய படம். அதன் கீழே 'தங்கம்' என்று போட்டிருப்பதாக டீச்சர் சொன்னதும், இங்கேயும் நகையா என்று வாய்விட்டே கேட்டேன்.

"நகை இல்லலா அண்ணே. மரப் பொருத்துக்கு மலாய்ல சொல்வாங்களே, அந்தத் தங்கம்லா."

முப்பது வருஷம் பட்டறையில் நானே புழங்கிய சொல். ஆனாலும் உன் அம்மாவின் கருமாதியன்று, "அம்மா அலமாரித் தங்கம் வேணும்பா" என்று நீ போனில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவள் நகைதான் கண்ணில் நின்றது. "அவ போயி பதினாறு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள நகைக்கு அலையுறியா?" என்று கேட்டுவிட்டேன். நீ பதில் எழுதவில்லை. மூன்று வருஷமாகிறது. நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று அலமாரிக் கதவைக் கழற்றி, ஒரு மூலைப் பொருத்தை மட்டும் அறுத்து எடுத்தேன். அந்தப் பொருத்து இன்னும் கொஞ்சமும் ஆடவில்லை.

நீ கேட்ட தங்கம் இந்தப் பெட்டியில் இருக்கிறது, தங்கம்.

உன் அப்பா