பொயிலர் அலுமாரியின் மேல் தட்டு

நவம்பர் 12, செவ்வாய்
மழை. பஸ் லேட். நான் பராமரிக்கும் மிஸ்டர் எல். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டார். கால் வீக்கம் அப்படியே. டொக்டர் மகனிடம் மெதுவாக: "இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்." விளங்கியது.

கிழவரின் முதல் கேள்வி: "தெஃபிலின் எங்கே?" வேத வரிகள் எழுதிய தோல்சுருள் அடைத்த இரண்டு கறுப்புப் பெட்டி. காலைப் பிரார்த்தனைக்கு ஒன்று இடக்கையில், ஒன்று நெற்றியில். அவருக்குக் கை நடுக்கம், வாரைச் சுற்றிவிடுவது நான்.

அவர் இல்லாதபோது கட்டிலடியில், கொமோட் பக்கத்தில் கிடந்தது. சாமிச் சாமான் அப்படிக் கிடக்கலாமா? சுடுதண்ணீர் பொயிலர் இருக்கும் அலுமாரியின் மேல் தட்டில் துவாய் விரித்து வைத்திருந்தேன். அதைத் துணி அலுமாரி என்றே அவர் நினைப்பு. உயரத்திலிருந்து எடுப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். தெஃபிலின் பை இளஞ்சூடு.

வார்கள் வெளிறல். கறுப்பு மை பூச வேண்டும். நான் பூசக் கூடாது, யூதர்தான். மகன் பூசினார். உள்ளே சுருளையும் ஒருக்கால் பார்ப்பிக்கட்டாம் என்றார் கிழவர்.

வாங்க: பால், தேசிக்காய், கையுறை.

நவம்பர் 14, வியாழன்
மந்தாரம். சுருள் எழுதுகிறவரிடம் போய்வந்த மகன் சமையலறைக் கதவைச் சாத்தினார். சூட்டில் தோல் சுருங்கி, ஓர் எழுத்து வெடித்து உதிர்ந்துவிட்டது. ஓர் எழுத்துப் போனால் முழுதும் செல்லாது. திருப்பி எழுதலாமே என்றேன். கூடாதாம். எழுத்துகள் வரிசையாகவே எழுதப்பட வேண்டும், பிறகு வந்து ஒன்றை நிரப்ப முடியாது. பெட்டியோ பழசு, சின்னது. அந்த அளவுக்குப் புதிதாக எழுத மாதக்கணக்காகும். கிழவரிடம் ஏது மாதம்?

"சூடு எங்கே பட்டது?"

பொயிலர் அலுமாரியில் என்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரவல் வாங்கலாமே?

"அது தாத்தாவுடையது. அப்பா தடவியே கண்டுபிடிப்பார். இதையே கட்டிவிடு. சொல்லாதே."

வீட்டில் என் மனிசி வதனி: "இஞ்சரப்பா, சாமிச் சாமான் எண்டுதானே உயரத்திலை வைச்சனீங்கள்? வேணுமெண்டு செய்யேல்லைத்தானே?"

"அதுக்காக எழுத்துத் திரும்பி வருமே?"

பாவி மனிசி சோறு போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

நவம்பர் 16, சனி
சனி யூதர்களுக்கு ஓய்வுநாள், அன்று கட்டுவதில்லை. அப்பாடா என்றிருந்தது. வெட்கக்கேடு.

நவம்பர் 18, திங்கள்
உறைபனி. நேற்றும் கட்டினேன், இன்றும். வார் புதுக் கறுப்பில் மினுங்குகிறது. வெளியே ஒரு குறையும் இல்லை.

கிழவர்: "உள்ளே பார்த்தார்களா? நல்லாயிருக்கா?"

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பதில் சொல்ல நான்தான் மிச்சம்.

"ஓம்."

எங்கள் ஊர் 'ஆமாம்'. என்னோடு பழகி அந்தச் சொல் அவருக்குத் தெரியும். சிரித்தார். கண்ணை மூடிப் பிரார்த்தனை சொன்னார், செல்லாத பெட்டியை நெற்றியில் வைத்துக்கொண்டு.

வதனிக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்
மூச்சு இழுக்கிறது. நர்ஸ் வந்து போனா. சாப்பாடு இல்லை, இரண்டு கரண்டி தண்ணீர். கையை மட்டும் நீட்டினார். கட்டினேன். அவிழ்த்தேன். பையைத் தானே மூடி, என் கையில் தந்தார்.

"அதே இடத்தில் வை. உயரத்தில். அதுதான் பத்திரம்."

கட்டிலிலிருந்து பார்த்தால் அலுமாரி தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தார். பொயிலர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே வைத்தேன்.