கோடு அழிப்பவளின் முகம்

மார்ச் 3
முதலாளி இன்று தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். ஸ்டூடியோ வாசலில் புதுக் கண்ணாடிச் சுவர் வருகிறதாம். அதில் எங்கள் எல்லோருடைய படமும் ஆளுயரத்துக்கு! பதினெட்டு வருடமாக ஊரார் முகத்தையெல்லாம் கணினியில் துடைத்து மெழுகியவள் நான். என் மூக்கிலிருந்து வாய்வரை இரண்டு வாய்க்கால் ஓடுகிறதே, அதை யார் தூர்ப்பது? பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். கால் தரையில் நிற்கவில்லை.

மார்ச் 6
தோல் டாக்டரம்மா பொறுமைசாலி. "புது சோப்பு போட்டாலே மூஞ்சி சிவந்துடும் டாக்டர்" என்றேன். இரண்டு வகை சொன்னார். ஒன்று ஜெல், ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். மற்றது சுண்ணாம்புச்சத்து கலந்தது. கெட்டி, நிறைய நாள் உழைக்கும், ஆனால் கரைக்க முடியாது.

எனக்கு உழைக்கிறதன் மேல்தான் கண். வாசலில் படம் வருடக்கணக்கில் நிற்குமே!

மரத்துப்போகச் செய்யும் கிரீமைக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை பழைய படங்களும் வேண்டுமாம்.

மார்ச் 7
காது தக்காளி. என் வீட்டுக்காரர், "நீ ரோட்டுல நின்னா வண்டியெல்லாம் பிரேக் போட்டுடும்" என்கிறார். வாயைப் பார்! சரி, கரையும் ஜெல்தான். பழையபடி ஆக்கும் பொத்தான் இல்லாமல் நான் யாருடைய மருவையாவது தொட்டிருக்கிறேனா?

மார்ச் 10
மானம் போயிற்று. பதினோரு படம் கொண்டுபோனேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "என்னம்மா, எல்லாத்துலயும் முகம் முட்டை மாதிரி இருக்கு? கோடு எப்ப வந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அத்தனையும் நானே துடைத்தவை! கல்யாணப் படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை பாவி. வழியெல்லாம் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் ஏனோ அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் எப்படித்தான் இருந்தேன்?

மார்ச் 11
வீட்டுக்காரரிடம் சொன்னேன். பர்ஸைத் திறந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். ஸ்கூட்டர் மேல் நான், இருபத்தேழு வயசு, தலையைப் பின்னால் சாய்த்து ஒரே சிரிப்பு. இரண்டு வாய்க்காலும் அப்போதே!

"இத ஏன் எங்கிட்ட காட்டவே இல்ல?"

"காட்டினா துடைச்சிடுவியே."

என்ன மனுஷனோ! இன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 14
டாக்டர் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இந்தக் கோடு உங்க சிரிப்பும்மா, விட்டுடலாம். கன்னத்துப் பள்ளம்தான் புதுசு." பள்ளத்துக்கு மட்டும் கரையும் ஜெல், துளியூண்டு. கிரீம் கிடையாது, ஐஸ்தான். நான் போட்ட "ஐயோ அம்மா" வெளியே உட்கார்ந்திருந்த அவருக்குக் கேட்டதாம்.

மார்ச் 15
இடது கன்னம் பன். அவர் ஒரு வார்த்தை பேசட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 20
வீக்கம் வடிந்துவிட்டது. காலையில் படம் எடுத்தார்கள். போட்டோகிராபர் "சிரிக்காதீங்க" என்றதும் குபீரென்று சிரித்துவிட்டேன். முதலாளிக்கு அந்தப் படமே பிடித்துப்போயிற்று. மதியம் துடைப்பதற்காக என் திரைக்கே வந்தது. பெரிதாக்கி, மூக்கு ஓரமெல்லாம் பார்த்தேன். பிரிண்ட் வேலை பார்க்கிறவர் வந்து நின்றார்.

"அக்கா, உங்க படம் எப்ப முடியும்? பிரிண்டுக்கு அனுப்பணும்."

"முடிஞ்சிடுச்சு. அனுப்புங்க."

பெரிதாக்கிப் பார்த்ததோடு சரி, மவுஸைத் தொடவே இல்லை.