தீர்த்தத்தில் வெங்காயம்

கானகோடு,
ஆஷாட மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள தங்கை கமலாட்சிக்கு,

அக்கா நாகவேணி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை க்ஷேமம் என்று நீயே எடுத்துக்கொள். தார்வாட் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போன் மழையில் செத்துக் கிடக்கிறது என்று உனக்குத் தெரியாதா?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பிய மறுவாரம் நம் பெண் பார்கவி வந்திருக்கிறாள். மூன்றாம் மாதம். மாப்பிள்ளை கேசவன் ஹொன்னாவரத்திலிருந்து கொண்டுவந்து விட்டுப் போனார். போன இரண்டு தடவையும் போலவே வாந்தி. வல்லாரையை மோரில் அரைத்துக் கலக்கிய தம்புளியும் சாதமும் மட்டும்தான் வயிற்றில் நிற்கிறது. இரண்டு தடவையும் இங்கே வந்து, இங்கேயே இழந்து, வெறும் வயிற்றோடு புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போனவள். இந்தத் தடவையாவது ஒரு பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போகட்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்கிறேன். அவள் பெரிதாகச் சிரிப்பதில்லை. தொட்டில் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

இனி உன் விஷயம். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. வருஷா வருஷம் மழைக்கு வருகிறாய், காடெல்லாம் சுற்றிச் செடி பிடுங்குகிறாய், என் அரிசிப் பெட்டிக்குமேல் பழைய செய்தித்தாளுக்கு நடுவே அதையெல்லாம் படுக்கவைக்கிறாய். அதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. செல்லுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற படிப்பு, பெரிய படிப்பு, பிழைத்துப் போகட்டும் என்று விட்டோம். இந்த வருஷம் பாக்குத் தோட்டத்து ஓரத்தில் இலைகள் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன, கிணற்றுத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றாய். சரி, பார் என்றேன். அதற்கு வெங்காயம் வேண்டும் என்றாயே, அங்கேயே உன் வாயை அடைத்திருக்க வேண்டும்.

வெங்காயம் வாசல்படி ஏறாத வீடு இது. உனக்காக மாட்டுக்கொட்டகைப் பரணில் இடம் கொடுத்தேன். டம்ளர் டம்ளராகத் தண்ணீர் வைத்து, வாயில் வெங்காயத்தை உட்காரவைத்து, வேர் விட்டதும் நுனியை வெட்டி, நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கவைத்தாய். ஒரு செல் இரண்டாகும்போது உள்ளிருக்கும் நூல்கள் சரிபாதியாக இரண்டு பக்கமும் விலகிப் போகிற அழகை நானும் பார்த்தேன். அதெல்லாம் சரி. கிணற்றோடு ஒப்பிட ஒரு சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று துர்க்கை கோயில் ஊற்றுத் தீர்த்தத்தை ஒரு டம்ளரில் பிடித்தாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அதன் வேரையும் காட்டிய பிறகுதானே எந்தத் தண்ணீர் என்றே சொன்னாய். கடைசியில் கிணறு நன்றாக இருக்கிறது, தீர்த்தம்தான் கெட்டிருக்கிறது, மேலே கோயில் நிலத்தில் இஞ்சிக்குப் போடும் மருந்துதான் இறங்குகிறது என்று கோயில் முற்றத்தில், கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாய்.

நீ சொன்னதில் பாதிகூட ஒருவர் காதிலும் ஏறவில்லை. கமிட்டிப் பெரியவர் திம்மண்ண ஹெக்டே கேட்டது ஒன்றுதான். "ஏம்மா, தீர்த்தத்துல வெங்காயத்தையா போட்டே?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு மருந்து என்ன, இஞ்சி என்ன. அந்த இஞ்சிக் குத்தகையில்தான் கோயிலுக்குப் புது ஓடு போட்டார்கள் என்பதையும் நீ யோசிக்கவில்லை. உன் பாவா அர்ச்சகர். தன் பெண்டாட்டியின் தங்கை செய்த தீட்டுக்கு அவரே பட்டினி கிடந்து, அவரே ஊற்றைச் சுத்தி செய்து, ஊரார் முன்னால் விழுந்து கும்பிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நான் பரிமாறிய இலையில் உட்காரவில்லை.

ஆகவே சொல்கிறேன். தீபாவளிக்கு வராதே. நீ எழுதுகிற கட்டுரையில் எங்கள் ஊர் பெயரைப் போடாதே. இங்கே கல்யாணத்துக்குப் பெண்கள் இருக்கிறார்கள். உன் செடிகளுக்குத் தாள் மாற்றினேன். இரண்டு பூஞ்சணம் பிடித்துவிட்டன.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா நாகவேணி


கானகோடு,
பாத்ரபத மாதம், கௌரி பண்டிகை கழிந்து

தங்கை கமலிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கோபத்துக்குப் பதில் இல்லை. பார்கவிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதே என்பதையே நாலு பக்கமும் எழுதியிருக்கிறாய். வெங்காயத்தில் நடப்பது வயிற்றுப் பிள்ளைக்கும் நடக்கும் என்று உன்னால் சொல்ல முடியாது, ஆனால் கொடுக்காதே என்கிறாய். உனக்கே தெரியாததை நான் எப்படி அவளிடம் சொல்வது?

ஆனாலும் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி ஊரில் இருக்கும்வரை காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்புத் தீர்த்தம் குடிப்பது இந்த ஊர் வழக்கம். அதை நிறுத்து என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சித்தி மைக்ராஸ்கோப்புல பார்த்தது வெங்காயத்தை. நான் என்ன வெங்காயமாம்மா?" என்றாள். பிறகு குரல் இறங்கி, "ரெண்டு தடவை போச்சு. இந்தத் தடவை அம்மனையும் விட்டுட்டா வேற யாரைப் பிடிச்சுக்குறது?" என்றாள். இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

பாவாவிடமும் பேசிப் பார்த்தேன். "இருபது வருஷமா இந்தக் கையால கொடுக்கறேன். இப்ப விஷம்னு சொல்லட்டுமா? சொல்லிட்டு எந்த முகத்தோட கர்ப்பகிருகத்துல நிப்பேன்?" என்று இலையிலிருந்து எழுந்து போனார்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. நம் தோட்டத்தில் வேலை செய்யும் மாஸ்தியின் வீட்டில் இரண்டு வெங்காயம் கேட்டு வாங்கினேன். முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, நீ வைத்த அதே பரணில், ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் தீர்த்தம். மைக்ராஸ்கோப் என்னிடம் இல்லை. அது தேவைப்படவும் இல்லை. கிணற்று வெங்காயத்துக்குக் கிழவன் தாடி போல வெள்ளை வெளேரென்று வேர். தீர்த்தத்து வெங்காயத்துக்குப் பழுப்பு நிறத்தில் நாலு குச்சி, அதுவும் நுனி வீங்கி. அந்த நேரம் பார்த்து மாட்டுக்குப் புல் எடுக்க உன் பாவா உள்ளே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். புல்லை எடுக்காமலே போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது கிணற்றில் நீர் சேந்தி, சின்னச் செம்பில் நிரப்பி, மடித் துணியால் வாயைக் கட்டினார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "கிணத்துத் தண்ணியும் கங்கைதான்" என்றார். அன்றிலிருந்து கோயிலில் பார்கவிக்குத் தீர்த்தம் அந்தச் செம்பிலிருந்துதான். அவளுக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். இப்போது உனக்கும். அன்று வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். எதிர்வீட்டு சுப்ராயரின் மருமகள் லலிதாவும் பிள்ளைத்தாய்ச்சி, தலைச்சன். மாமனார் வீட்டிலேயே பிரசவம், தாயில்லாப் பெண். பார்கவியோடு கைகோத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறாள். இவளுக்குச் சின்னச் செம்பு, அவளுக்கு ஊற்றுச் செம்பு. அந்தப் பெண்ணுக்கும் கிணற்றுத் தண்ணீரையே கொடுங்களேன் என்றேன். "ஒருத்திக்கு மாத்தினா பொண்ணுங்கற பாசம். ரெண்டு பேருக்கு மாத்தினா ஏன்னு கேப்பாங்க" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. என் பெண் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

நீ கிளம்பும்போதே கேட்டிருந்தாயே, ஊற்றுப் பாறையில் ஒட்டி வளரும் அந்தச் சின்னக் காசித்தும்பை, ஒன்று பிடுங்கித் தாளில் வைத்து அனுப்பு என்று. போய்த் தேடினேன். பாறை மொட்டையாக இருக்கிறது. நாம் சின்னவர்களாக இங்கே அத்தை வீட்டுக்கு வந்தபோது அதன் காயை அமுக்கி வெடிக்கவைத்து விளையாடியது நினைவிருக்கிறதா? ஒன்றுகூட இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

ஆசீர்வாதங்களுடன்,
அக்கா


கானகோடு,
கார்த்திக மாதம்

கமலி,

கேசவன் தந்தி கொடுத்திருப்பார். உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

விஜயதசமி முடிந்த வாரத்தில் பார்கவிக்கு வலி கண்டது. சிரசி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். ஆறாம் மாதம். பெண் குழந்தை. மூச்சு இல்லை. பார்க்க வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள், நான் பார்த்தேன். விரலெல்லாம் இருந்தது, கமலி. உதடு மட்டும் சரியாகச் சேரவில்லை. நீ அன்று காட்டினாயே, தீர்த்தத்து வெங்காயத்தின் செல்லில், நூல்கள் இரண்டு பக்கமும் போன பிறகு நடுவில் ஒரு துண்டு எந்தப் பக்கமும் சேராமல் தனியாகக் கிடந்ததை. அதுதான் என் கண்முன் வந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

பார்கவி அழவில்லை. படுத்த இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். ஊட்டிவிட்டால் வாயைத் திறக்கிறாள். நேற்று மட்டும் பேசினாள். "நான் ஒரு நாள்கூடத் தீர்த்தம் தவறவிடலையேம்மா" என்றாள்.

திம்மண்ண ஹெக்டே துக்கம் விசாரிக்க வந்தார். வாழைக்குலை கொண்டுவந்தார். "உங்க தங்கச்சி பண்ணின தோஷம் உங்க வீட்டையே வந்து அடிச்சிருச்சு பாருங்க, நாகவேணியக்கா. மறுபடியும் ஒரு பெரிய சாந்தி பண்ணிருவோம்" என்றார். உன் பாவா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு பாவாவிடம் கேட்டேன். நவராத்திரி பூராவும் கூட்டமாயிற்றே, சின்னச் செம்பை எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று. "ஹெக்டே வாசல்லயே நின்னாரு, நாகவேணி. எல்லாரும் பார்க்க ஊத்துலதான் மொண்டு கொடுக்கணும்னு சொன்னாரு. நான் என்ன பண்ணுவேன்?" என்றார். நவராத்திரி முழுவதும், கமலி. தன் கையால். அவளும் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக் குடித்திருக்கிறாள். நான் வீட்டில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களால்தான் போயிற்று என்று நீ எழுத மாட்டாய். எழுதவும் வேண்டாம். முன்னால் குடித்தவை எத்தனையோ. மருந்து இல்லாத ஊரிலும் பிள்ளைகள் போகின்றன என்பாய். அது எனக்கும் தெரியும். உன் பாவாவை வையத்தான் நினைக்கிறேன், வாய் வரவில்லை. மனுஷர் பாதி ஆளாகிவிட்டார். கிணற்றடியில் போய் நிற்கிறார், செம்பைக் கழுவுகிறார், மறுபடியும் கழுவுகிறார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இன்று காலை லலிதா வந்தாள். பார்கவிக்கென்று கொஞ்சம் அவல் கொண்டுவந்தாள். வயிறு தெரிகிறது இப்போது. பார்கவியின் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு பயமா இருக்கும்மா. அதான் இப்ப ரெண்டு செம்பு குடிக்கிறேன்" என்றாள்.

நான் அவளிடம் சொன்னேன். குடிக்காதே என்றேன். கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, பட்டர் வீட்டு அம்மாவுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று. சுப்ராயர் இனி மருமகளை எங்கள் வாசலுக்கு அனுப்ப மாட்டார். என் பேச்சு இந்த ஊரில் அவ்வளவுதான் போகும்.

வராதே என்று எழுதிய அதே கையால் எழுதுகிறேன். வா. உன் கட்டுரையில் ஊர் பெயரைப் போடு. துர்க்கை கோயில் ஊற்று என்று போடு, இஞ்சியையும் போடு. லட்ச தீபத்தன்று ஊர் முழுவதும் கோயிலில் இருக்கும். அன்றைக்கு வா. பின்வழியாக வேண்டாம், முன்வாசல் வழியாக வா. முன்னதாகவே கோயில் படிக்கட்டில் டம்ளர்களை நான் வைக்கிறேன், வேர் விடும்வரை காவலுக்கும் நானே உட்காருகிறேன். யார் தீட்டு என்றாலும் என்னைச் சொல்லட்டும். மைக்ராஸ்கோப்பை நீ கொண்டு வந்தால் போதும். லலிதாவைப் பார்க்கவைக்க வேண்டும், அவள் மாமனாரையும்.

வெங்காயம் தூக்கிக்கொண்டு வராதே. சந்தையில் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை முந்தானையில் மறைக்கவில்லை. சமையலறையில், சாமி விளக்குக்குப் பக்கத்தில், கூடையில் இருக்கிறது. உன் பாவா பார்த்தார். எடு என்று சொல்லவில்லை.

லலிதாவுக்கு இது ஐந்தாம் மாதம். அவள் நன்றாக இருக்க வேண்டும், நீயும் நன்றாக இருக்க வேண்டும். அந்த நாளைத் தவறவிடாமல் கிளம்பு, கமலி.

உன் அக்கா,
நாகவேணி