பீடத்துணியில் நெருஞ்சிப்பூ

சேசு மரி சூசை துணை
அரூர்ப் பக்கம், 10 செப்டம்பர் 1938

பெங்களூர் கன்னியர் மடத்தில் இருக்கும் என் மகள் பாக்கியமேரிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பா, அண்ணன் ஞானராஜ், அவன் பிள்ளைகள், மாடு கன்று வரைக்கும் குறையில்லை. உனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? நீ கன்னியாஸ்திரி ஆக என் சம்மதம் கேட்டு ஆறு மாதமாக எழுதுகிறாய், அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். ராகிக் களையெடுப்பு நடக்கும்போது அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு நீ வண்டி ஏறியது மூன்று வருஷம் ஆகியும் எனக்கு மறக்கவில்லை, அது ஒரு செவ்வாய்க்கிழமை.

மாதா பிறந்த திருநாளுக்கு நம் கோயில் பீடத்தில் விரிக்க நீ பூவேலை செய்து அனுப்பிய துணி வந்தது. பிரித்ததும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, வழியில் பூசணம் பிடித்துவிட்டதென்று வெயிலில் உதறினேன். உன் அண்ணன் மகள்தான், ஆயா இது தும்பை, இது மூக்குத்திப்பூ, இது நெருஞ்சி என்று விரல் வைத்துக் காட்டினாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மற்ற மடத்துத் துணியில் லீலியும் ரோஜாவும் கொடியாக ஓடும், நீ நம் காட்டுக் களையைத் தைத்திருக்கிறாய். கோயிலுக்குக் கொண்டுபோனேன். உபதேசியார் பெண்சாதி ராஜமேரி பத்துப் பேர் நடுவில் அதைத் தூக்கிப் பிடித்து, “ஏனுங்க அக்கா, பீடத்துக்குக் களையவா அனுப்பியிருக்குது உங்க மவ? நெருஞ்சிக்கு ஏது அஞ்சு இதழு? இதுவா கன்னியாஸ்திரி ஆவப் போவுது?” என்று சிரித்தாள். சின்ன வயதில் நீ புதுநன்மை வாங்கிய அன்று கட்டிய பாவாடையை இரவல் என்று சொன்னவளும் இவள்தான்.

நான் நேரே நம் ராகிக் காட்டுக்கு நடந்து வரப்பில் உட்கார்ந்து ஒரு நெருஞ்சிப்பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து இதழ். நாற்பது வருஷம் பிடுங்கி எறிந்தவள் நான், எனக்கு அதன் முள்ளைத் தெரியும், இதழை எண்ணியதில்லை. தும்பையும் நீ தைத்தபடியே கீழுதட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறது. களை பிடுங்காமல் பூவைப் பார்க்கிறாய் என்று உன்னை நான் அடித்ததும் அந்த வரப்பில்தான். யாரும் திரும்பிப் பார்க்காத பூவுக்கும் ஆண்டவர் ஓர் இதழ் குறைக்கவில்லை, அதை நீ பார்த்திருக்கிறாய், மூன்று வருஷம் கழித்துக் கண்ணால் காணாமலே தைத்தும் இருக்கிறாய். அந்த ஞாபகசக்தி என் வயிற்றிலிருந்து வந்தது, உன் அப்பா பங்கு கேட்க வேண்டாம்.

ஒரு பிடி பறித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பி ராஜமேரி மூக்குக்கு நேரே நீட்டி எண்ணிக்கோ என்றேன். எண்ணினாள், நம்பாமல் இன்னொரு பூவையும் எண்ணினாள். சாமியார் வந்து துணியை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருநாள் பூசைக்கு இதையே விரியுங்கள் என்றார். விரித்தது அவள் கைதான். அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னைக் கல்யாணக்கோலத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பூசையில் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அடித்தும் திரும்பாத கண்ணை இனி எதைக் காட்டித் திருப்புவது என்று தோன்றியது. உங்கள் மடத்துப் பெரிய தாயார் அனுப்பிய சம்மதத் தாளில் அப்பா பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கும் நாளுக்கு வருவேன், முன்வரிசையில் எனக்கு இடம் வைக்கச் சொல். சேசுவும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். சிமினி விளக்கு வெளிச்சத்தில் தைக்காதே, கண் கெட்டுவிடும்.

உன்னைப் பெற்ற
சவுரியம்மாள்