வால் கனத்த விமானம்

பெரம்பலூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அப்பா எழுதுவது. உடம்பைக் கேட்டால் நானும் அம்மாவும் இங்கே சுகம்தான், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மனதைக் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்று முயன்று பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட்டால் உன் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குள் வந்து சேராது, அதனால் எழுதி முடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படித்துக்கொள்.

அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது தேவலை, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொள்கிறாள், டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கத்தான் மாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டு வெற்றிச்செல்வி டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு அரியலூருக்குப் போய்விட்டார், அம்மாவுக்குப் பேச்சுத் துணை இல்லை. என்னோடு பேசலாம், ஆனால் மூன்று வாரமாக அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. டீ டம்ளரை மேசையில் வைப்பாள், சோறு போட்டாயிற்று என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள், அவ்வளவுதான். நான்தான் உன்னிடம் அம்மாவுக்குத் தலைவலி என்று சொல்லி வந்தேன். அதுவும் பொய்.

பொங்கலுக்கு வந்தபோது நீயே கணக்குப் போட்டு வரைந்து, பெட்டி நிறைய கொண்டுவந்த குட்டி ஜெட் விமானத்தின் பாகங்களை லீவு முடிந்துவிட்டதென்று பாதியில் விட்டுப் போனாய். நம்ம ஊரில்தான் இது முதலில் பறக்க வேண்டும், நீங்கள் மிச்சத்தைச் சேர்த்து முடியுங்கள் அப்பா என்றாய். ரிட்டயர்டு ஆன பிற்பாடு என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. சாப்பாட்டு மேசையை ஒரு மாதம் பிடித்துக்கொண்டேன், அம்மா தரையில் உட்கார்ந்து சப்பாத்தி தேய்த்தாள். தெர்மாகோல் இறக்கைக்குள் கார்பன் குச்சியைச் செருகி ஒட்டினேன், ஒரு நாள் என் கட்டை விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டேன். வால் துடுப்பை அசைக்கிற குட்டி மோட்டாரைத் தலைகீழாக மாட்டிவிட்டு நீ வீடியோவில் பார்த்துச் சிரித்தாயே, மேலே தூக்கினால் கீழே போகும் அப்பா, மாற்றுங்கள் என்று, அதையும் மாற்றினேன். பேட்டரி தீப்பிடித்தாலும் பிடிக்கும், மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும் என்றாய், அம்மா மீன் குழம்பு வைக்கிற சட்டியைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

எடையைச் சமன் செய்த நாளை நீ பார்க்கவில்லை. இறக்கைக்கு அடியில் நீ மார்க்கரில் போட்டு வைத்த இரண்டு புள்ளிகளிலும் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மூக்கைத் துளி கீழே சாய்த்து நிற்க வேண்டும், பின்னால் அரை சென்டிமீட்டர் தள்ளினாலும் பறக்காது என்று உன் அளவுத் தாளில் எழுதியிருந்தாய். ஈர்ப்பு மையத்தை முப்பது வருசம் பாடம் நடத்தியவன் நான், ஸ்கேலை விரலில் நிறுத்திக் காட்டியே காலம் ஓட்டியவன். இருந்தும் தனியாகத் தூக்கப் பயந்து அம்மாவை ஒரு பக்கம் விரல் வைக்கச் சொன்னேன். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தி, நீ சொன்ன இடத்துக்கு வந்ததும் அது எங்கள் இரண்டு பேர் விரலுக்கும் நடுவில் அப்படியே நின்றது. அம்மா மூச்சுவிடாமல் பார்த்துவிட்டு, நம்ம புள்ள போட்ட கணக்கு எப்படி நிக்குது பாருங்க என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்து நாளாகிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் ஒரு எலுமிச்சம்பழத்தை விமானத்தின் மேல் வைத்தாள். எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். எங்கள் கல்யாணப் பத்திரிகையிலிருந்து உன் பெயர் வரைக்கும் எதிலும் சாமி சம்பிரதாயத்தைச் சேர்க்காத வீடு, முதல் ஸ்கூட்டர் வாங்கியபோது சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்க விடாதவன் நான், புள்ளையோட விஞ்ஞானத்துக்கு மேல கொண்டாந்து பழத்தை வைக்கிறியே, எடு முதல்ல என்று கத்தினேன். அவள், வேணாம்னா விட்டுடுங்க என்று எடுத்துப்போய் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

ஞாயிறு விடியற்காலை கிளம்பினோம். அரியலூர் சாலையில் தார் ரோடு போட்டு, எண் போட்ட கல் நட்டு, ஒரு மனைகூட விற்காமல் கிடக்கிற லேஅவுட்டைத்தான் ஓடுபாதையாகப் பிடித்திருந்தேன். ஓட்டுவதற்கு மணிமாறன், பருத்திக்கும் சோளத்துக்கும் டிரோனில் மருந்து அடிக்கிறாரே அவர்தான், நீயே பேசி வைத்த ஆள். அவரோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை, மகள் செய்த ஜெட் பறக்கப் போகிறது என்று கூட வேலை பார்த்த அண்ணாதுரை சாரையும் இன்னும் நாலைந்து வாத்தியார்களையும், உடையார்பாளையத்திலிருந்து உன் குழந்தைவேல் மாமாவையும் வரச் சொல்லியிருந்தேன். நீ விழித்திருந்து வீடியோவில் பார்க்கிறேன் என்றாய், உனக்கு அது நடுச்சாமம், தூங்கு பாப்பா என்று நான்தான் தடுத்தேன். அத்தனை பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். உன் மாமா, இது மேல போகுமா மாமா, இல்ல பாப்பா படிச்சதெல்லாம் ஏட்டோட சரியா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலிதான், அவர் எப்போதும் அப்படித்தான். எனக்குத்தான் அது எங்கேயோ போய்த் தைத்தது.

இனி எழுதப் போவதை எழுதக் கூசுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அந்தப் பழம் என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. எப்போது எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெளிவில்லை, அம்மா பூட்டுப் பூட்டிக்கொண்டிருந்த நேரம் கை தானாகப் போனது. எல்லோரும் மணிமாறனைச் சுற்றி நின்றபோது நான் காருக்குப் பின்னால் விமானத்தைத் திருப்பி வைத்தேன். மூக்குப் பக்கம் பேட்டரி, அங்கே இடமில்லை. வாலுக்கு அடியில் ஒயர் பார்க்க நீ வைத்த சின்ன மூடி இருக்கிறதே, அதைத் திறந்து பழத்தை உள்ளே அழுத்தி மூடிவிட்டேன். ஒவ்வொரு தடவை பறப்பதற்கு முன்னாலும் விரலில் வைத்துச் சமன் பாருங்கள் என்று நீ சிவப்பு மையில் எழுதியிருந்தாய். மணிமாறனும் கேட்டார், பேலன்ஸ் பாத்துட்டீங்களா சார் என்று. பாத்தாச்சு தம்பி என்றேன்.

மீதியை நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய். கொஞ்ச தூரம் ஓடி, ஓட வேண்டிய தூரம் ஓடுவதற்குள் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மணிமாறன் கையிலிருந்த ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், மூக்கு இறங்கவே இல்லை, மேலே போய் ஒரு நொடி அப்படியே நின்று, ஒரு இறக்கை சாய்ந்து, சுற்றிக்கொண்டு வந்து மனைக்கல் மேல் விழுந்தது. வால் கனமா இருந்துச்சு சார், அதான் மூக்கக் கீழ கொண்டாற முடியல என்று மணிமாறன் சொன்னார். யார் பேலன்ஸ் வச்சது என்று அண்ணாதுரை சார் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், பாப்பா எழுதி அனுப்புன அளவுதான் சார், அதுல ஒரு மில்லிகூட மாத்தலைன்னு.

தமிழு, அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை, ஆனால் சொன்ன பிறகு திருத்த எவ்வளவோ நேரம் இருந்தது, நான் திருத்தவில்லை. அதற்குள் அம்மா உடைந்த துண்டுகளைப் பொறுக்கப் போயிருந்தாள். வால் பிளந்து கிடந்த இடத்தில் குனிந்தவள் எதையோ எடுத்து முந்தானைக்குள் வைத்ததைப் பார்த்தேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மிச்சத் துண்டுகளைப் பொறுக்கினாள். அவள் அங்கேயே அதை எடுத்துக் காட்டி என்னை அவமானப்படுத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குச் சாயங்காலம் நீ போன் செய்தாய். நான் உன்னைக் குறை சொல்லத் தேவையே இல்லாமல் போய்விட்டது, நீயே சொன்னாய், சாரிப்பா, நான்தான் எங்கேயோ தப்பாப் போட்டிருக்கேன், உங்க ஒரு மாச உழைப்பு வீணாயிடுச்சு என்று. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? பரவாயில்லை பாப்பா, அடுத்த தடவை கவனமாப் போடு என்றேன். அறிவுரை வேறு. கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சை.

இதோடும் முடியவில்லை. போன ஞாயிறு மாமா மகள் அபிநயாவுக்கு உடையார்பாளையத்தில் வளைகாப்பு, பிள்ளை நன்றாக இருக்கிறாள், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மாமா அந்த வீடியோவைக் காட்டி, எங்க மாமா பாவம் ஒழுங்காத்தான் மாட்டினாரு, பாப்பா குடுத்த அளவுதான் தப்பாப் போச்சு, இதுங்க செய்ற ஃபிளைட்ல ஏறி நாம போவணுமாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எதிரில் அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். கையில் புளிசாத வாளியோடு நின்று என் வாயையே பார்த்தாள், இப்போதாவது சொல்கிறேனா என்று. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசியவன் எலுமிச்சம்பழம் வைத்தான் என்று தெரிந்தால் ஊர் சிரிக்குமே என்ற ஒரே நினைப்புதான். என் மானத்துக்காக உன் மானத்தை அந்தப் பந்தியில் விட்டுவிட்டு வந்தேன்.

நேற்று நீ அம்மாவிடம் சொன்னாயாம், கம்பெனியில் புது விமானத்துக்கு இறக்கை வரைகிற வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருந்தார்கள், வியாழக்கிழமை கூட்டத்தில் அதை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கப் போகிறேன், சின்னதிலேயே தப்பு செய்தவள் பெரியதில் கை வைக்கக் கூடாது என்று. போனை வைத்துவிட்டு வந்த அம்மா மூன்று வாரம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். சாமியக் கும்புடத்தான் நான் பழத்தக் கொண்டாந்தேன், வாலுக்குள்ள வச்சுப் புள்ளய கவுக்கவா கொண்டாந்தேன், இன்னைக்கு நீங்க சொல்றீங்களா நான் சொல்லவா என்றாள். நானே சொல்கிறேன் என்றேன்.

சொல்வதென்று ஆன பிறகு ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று, அம்மா பத்திரப்படுத்தியிருந்த பழத்தைக் கேட்டு வாங்கி எடை போட்டேன். மூன்று வாரம் காய்ந்தும் நாற்பது கிராம் இருக்கிறது, அன்றைக்கு நாற்பத்தைந்து கிராமாவது இருந்திருக்கும். விமானம் ஆயிரத்து இருநூறு கிராம். வால் மூடி உன் புள்ளியிலிருந்து நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் பின்னால். போட்டுப் பார், ஈர்ப்பு மையம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பின்னால் போயிருக்கிறது. நீ அரை சென்டிமீட்டருக்கே வேண்டாம் என்றவள். பத்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. பழத்தை உள்ளே அழுத்தியபோது அது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் நம்புவாயா தெரியவில்லை.

நீ படித்துவிட்டாய் என்று தெரிந்ததும் இதே கடிதத்தைக் குடும்ப குரூப்பில் போடப் போகிறேன். மணிமாறனிடமும் அண்ணாதுரை சாரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை, நீ கேட்ட மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டவன் நான். ஏன் வைத்தேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாமி மேல் நம்பிக்கை வந்துவிடவில்லை. கீழே விழுந்துவிட்டால் இத்தனை பேரும் உன்னைக் குறை சொல்லிவிடுவார்களே என்ற பயம், வேறொன்றும் இல்லை. கடைசியில் மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் நானே உன்னைச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அந்தக் கூட்டத்துக்குப் போ. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ. இறக்கையை நீதான் வரைய வேண்டும், யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த தலையோடும் நீ வாழ வேண்டும், இது உன் அம்மாவும் சேர்ந்து சொல்கிற வாழ்த்து. நேற்று மறுபடி முதலிலிருந்து உன் தாளை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன் பாப்பா. உன் கணக்கு சரி.

உன் அப்பா
அரியமுத்து