பக்கம் இல்லாத பதில்

குரிகோ, சிலி
4 டிசம்பர் 2021

அன்பு மகள் கெர்லினுக்கு,

இதை நீ பிரிக்கும்போது நீயும் உன் கணவன் எவென்சும் குழந்தை கிறிஸ்டெலும் ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

உனக்கு அகராதி தேவைப்படாது. மஞ்சளுக்கு அடுத்த படியான, பச்சைச் சீட்டு ஒட்டிய புத்தகங்களில் வரும் ஸ்பானியச் சொற்களை மட்டும் வைத்து எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கிவிட்டால் வெட்கப்படாமல் ஒரு படி எளிய புத்தகத்துக்கு இறங்கு என்று சொல்வேன் அல்லவா? இந்தக் கடிதத்தில் ஒரு விரல்கூட மடங்காது. மடங்கினால் தவறு என்னுடையது.

இங்கே செர்ரி அறுவடை ஆரம்பமாகிவிட்டது. மிர்லாந்த் பழம் அடுக்கும் கொட்டகையில் பத்து மணி நேரம் நிற்கிறாள். சனிக்கிழமை மதியம் வகுப்புக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறாள். விஸ்லிக்குக் கூரை வேலை கிடைத்திருக்கிறது. நம் வாசிப்பு வட்டத்தில் இப்போதும் நான்கு நாற்காலிகள்தான் போடுகிறோம். போன வாரம் விஸ்லி தன் தலைக்கவசத்தை உன் நாற்காலியில் வைத்துவிட்டான். “அது கெர்லின் சீட்டு, உன் சட்டிய எடுடா!” என்று மிர்லாந்த் பாய்ந்தாள். “சட்டி இல்ல அக்கா, அவளுக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்” என்றான் அவன். சிரிப்பு வரவில்லை. ரொட்டியில் பால்தா பழத்தை, அதுதான் வெண்ணெய்ப் பழத்தை, மசித்துத் தடவி மூவரும் தின்றோம். உனக்கு வைத்த துண்டை யாரும் தொடவில்லை.

கொலம்பியக் கடற்கரையிலிருந்து ஆகஸ்டில் நீ மிர்லாந்துக்கு அனுப்பியதுதான் கடைசிச் செய்தி: “படகுக்கு வரிசைல நிக்கிறோம். பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்ல.” அதற்கப்புறம் நீங்கள் நடந்தே கடக்க வேண்டிய காடு. காட்டுக்கப்புறம் ஒன்றுமில்லை. மிர்லாந்த் தினமும் உனக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். தினமும் உன்னிடம் போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு அது நிற்கிறது. காட்டைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் கடக்கும் எல்லையில், தபச்சுலா ஊரில், புகலிட விடுதி ஒன்றின் சமையலறையில் விஸ்லியின் சித்தப்பா மகன் வேலை பார்க்கிறானாம். வந்து சேருகிறவர்கள் தங்கள் பெயருக்குக் கடிதம் இருக்கிறதா என்று தேடும் சுவர் ஒன்று அங்கே இருக்கிறதாம். இந்த உறையை அதில் குத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் அண்ணனுக்காகக் காத்திருக்கும் ரோசாவின் கதை உனக்கு நினைவிருக்கும். விளக்கு இல்லாமல் ஒரு படகு வருகிறது. அதில் அவன் இருக்கிறானா? அந்த இடத்தில் கடைசி அத்தியாயத்தை நான் பின் அடித்து மூடியிருந்தேன். எல்லாப் புத்தகங்களிலும் அப்படித்தான் செய்வேன். முதலில் ஒவ்வொருவரும் முடிவை ஊகித்துச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கத்தைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்று காட்டவும் வேண்டும். அடுத்த சனிக்கிழமைதான் பின்னைக் கழற்றுவோம். முப்பத்தெட்டு வருடம் பள்ளிப் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்டேன்: எந்தப் பக்கம்?

ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை. அண்ணன் செத்துவிட்டான் என்றாள் மிர்லாந்த், பக்கம் முப்பத்தொன்று. அண்ணன் குடித்துவிட்டு விளக்கைத் தண்ணீரில் போட்டுவிட்டான் என்றான் விஸ்லி, பக்கம் பன்னிரண்டு. உன் முறை வந்தது. நீ முதலில் உங்கள் நாட்டு மொழியில் ஏதோ ஆரம்பித்தாய். நான் விரலைத் தூக்கி, “ஸ்பானிஷ்ல சொல்லும்மா” என்றேன். நீ கொஞ்ச நேரம் மூடிய பக்கங்களைத் தடவிக்கொண்டிருந்தாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: “ரோசா காத்திருக்க மாட்டா. வியாழக்கிழமை கொழந்தைய தூக்கிட்டு வடக்க போறா. சாவிய பூந்தொட்டிக்கு அடியில வெக்கிறா. சொல்லிட்டுப் போனா அழுதுடுவா, அதனால சொல்லாம போறா.”

விஸ்லி, “டீச்சர், இவ வேற புக்க படிச்சுட்டு வந்திருக்கா!” என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கெர்லின். ரோசாவுக்குக் குழந்தையே கிடையாதே, எந்தப் பக்கம் என்று கேட்டேன். நீ புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “பக்கம் இல்ல டீச்சர்” என்றாய். உன் தாளில் நான் எழுதினேன்: கற்பனை நன்று, ஆதாரம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லை. உன் வீட்டுக்கு நடந்து போனோம். மிர்லாந்த்தான் வாசலில் இருந்த ஜெரேனியப் பூந்தொட்டியை நகர்த்தினாள். சாவி இருந்தது. உள்ளே மேசையில் என் புத்தகங்கள் மஞ்சள், பச்சை என்று நிறவாரியாக அடுக்கியிருந்தன. ஏரிக்கரைப் புத்தகம் மேலே இருந்தது. பின்னை நீ தொடவே இல்லை.

உங்கள் தங்கும் அனுமதியை மறுத்த தாள் ஜூன் மாதமே வந்துவிட்டதாக அப்புறம்தான் மிர்லாந்த் சொன்னாள். எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார். என் வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. குளிர்காலம் போகும்வரை இருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். எவென்ஸ் கேட்டிருக்க மாட்டான் என்கிறான் விஸ்லி. இருக்கலாம். ஆனால் நீ என்னிடம் சொன்னாய். நான் பக்கம் கேட்டேன்.

இப்போது வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் மிர்லாந்த் எனக்கு உங்கள் மொழி கற்றுத் தருகிறாள். கண்டிப்பானவள். ஸ்பானிஷ் சொல் வந்தால் என்னைப் போலவே விரலைத் தூக்குகிறாள். “டீச்சருக்கு இன்னும் மஞ்சளே ஒட்டல, அதுக்கும் கீழ!” என்று விஸ்லி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஏரிக்கரைப் புத்தகத்தை நாங்கள் இன்னும் திறக்கவில்லை. அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் வெட்டி, பின்னோடு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ திற. திறக்காமலும் இருக்கலாம். என்ன முடிவு சொன்னாலும் நான் பக்கம் கேட்க மாட்டேன்.

கடவுள் உன் கால்களுக்கு வழி காட்டட்டும். கிறிஸ்டெலின் நெற்றியில் என் முத்தம்.

உங்கள் மொழியில் இரண்டு கேள்விகள் கேட்கக் கற்றுக்கொண்டேன். எங்கே இருக்கிறாய்? குழந்தை சாப்பிட்டாளா? பதில் நீளமாக இருந்தால் எனக்குப் புரியாது. அதனால் ஒரே ஒரு சொல் எழுது, மகளே. எந்த மொழியிலும்.

உன் பதிலுக்காக,
எலியானா டீச்சர்